பன்னிரண்டாம் துளையில் ஒரு நடை

“உக்கார முடியாதுன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி?”

“முடியாதுன்னு அர்த்தம்.”

“முட்டு வலிச்சா கட்டில்ல படுத்துக்கிடுங்க. படுத்தாலும் உக்காந்த கணக்குதான்.”

“வலிக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. நான் நின்னுக்கிட்டுதான் இருப்பேன். நீங்க கழத்துறதுன்னா கழத்துங்க. விழுந்துக்கிடுதேன்.”

ஜெசிந்தா கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தது. பட்டையிலிருந்து இறங்கிய சுருள் கம்பி எதிரே நின்ற இரும்புச் சட்டத்தைக் கவ்வியிருந்தது. சட்டத்துக்குள் ஆளுயர ரவுட்டர். அதன் மூன்றாவது அடுக்கில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு காலையிலிருந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள். இருபத்திரண்டுக்கு நேரே டிக் அடித்துவிட்டாள். மாசானம் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

“எல்லாரும் முக்கால் மணி நேரமா உக்காந்திருக்காவ,” என்றாள்.

“தெரியும். இது போன்ல பேசுத காரியம் இல்ல. நான் அங்க வாரேன்.”

தொடர்பு அறுந்தது. ஜெசிந்தா பேனாவின் மூடியை மாட்டினாள். இந்த வாரத்தில் இது அவளுக்கு நான்காவது குடியிருப்பு. நான்கிலும் இதே அறை, இதே விசிறி இரைச்சல். தூக்கத்திலும் அந்த இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் வந்த நரம்புக் காய்ச்சல் மேலக்கரை உப்பளக் குடியிருப்பில் யாரையும் கொல்லவில்லை. கால்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. காலில் பழுதில்லை, மூளையிலும் பழுதில்லை. நடுவில் இருந்த வழி மட்டும் அடைபட்டுவிட்டது. பிறகு நிறுவனத்தார் வந்தார்கள், இடுப்புப் பட்டை வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் பட்டை அதைக் கேட்டு ஊரில் நட்டிருக்கும் சிக்னல் கோபுரத்துக்கு அனுப்பும். கோபுரத்திலிருந்து ஆளுக்கொரு மஞ்சள் கேபிள் ரவுட்டருக்கு வரும். அங்கே செருகியிருக்கும் கார்டு எந்தத் தசையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும். இவ்வளவும் இமை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இடுப்பில் சுமக்கிற அளவுக்கு அந்தக் கணக்கு சின்னதாக இல்லை. ஆகவே மேலக்கரையில் இருபத்து மூன்று பேருடைய நடை, புயல் காப்பகத்தின் பின்னறையில், பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

முதலில் எல்லோருக்கும் பொது நடை என்று ஒன்றைத்தான் கொடுத்தார்கள். தப்பில்லாத, யாருடையதும் இல்லாத நடை. ஒரு வருடம் போனால் கார்டு ஆளைக் கற்றுக்கொண்டுவிடும். காய்ச்சலுக்கு முன்னால் இருந்த சாய்வும் தயக்கமும் அவசரமும் மெல்லத் திரும்பி வரும். கார்டில் இருபத்து நான்கு துளைகள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒருவர் நடந்து நடந்து சேர்த்த நடை.

உப்புக் காற்று அந்தக் கார்டுகளைத் தின்றது. வேறு ஊர்களில் பத்து வருடம் ஓடுகிற கார்டு இங்கே நான்கு வருடத்தில் பச்சை பூத்துப் போகும். தானாகச் செத்தால் இருபத்து மூன்று பேரும் நின்ற இடத்தில் விழுவார்கள். அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். மாற்ற ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடம் யாருக்கும் கால் இருக்காது.

முதல் வருடத்தில், கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உட்கார்ந்துவிட்டதாகப் பொருள் என்றுதான் வைத்திருந்தார்கள். கடற்கரைத் தெருவில் ஒரு பெண்ணின் பொத்தானைக் கைக்குழந்தை அழுத்திவிட்டது. அவள் அப்போது சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பொத்தான் இல்லை. ஒவ்வொருவரும் சொந்த வாயால் ‘உக்காந்தாச்சு’ என்று சொல்ல வேண்டும். கார்டைக் கழற்றுகிறவர் அதைச் சொந்தக் காதால் கேட்க வேண்டும். முடிந்ததும் அவர்தான் ‘எந்திரிங்க’ என்று சொல்ல வேண்டும்.

மேலக்கரைக்காரர்கள் இதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டி திறக்கிற நாளில், நல்ல கால் உள்ளவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லி ஏற்பட்டதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தரையில் கிடக்கும்போது நாம் மட்டும் எப்படி நிற்பது என்று யாரோ ஒருவர் உட்கார, தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டுப் படியில் உட்காருவார். தவணைக்குப் பாய் விற்க வந்த வெளியூர்க்காரன் ஒருவன் தெருவில் விழித்துக்கொண்டு நின்றபோது, “உக்காருப்பா, பெட்டி தொறந்திருக்கு,” என்று அதட்டி அவனுடைய பாயிலேயே அவனை உட்கார வைத்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்றும் தெரு அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஜெசிந்தா மேலதிகாரி தனபாலனுக்குத் தகவல் சொன்னாள். அவர் அலுத்துக்கொண்டார். ஒருவன் உட்காரவில்லை என்றால் ஊரில் இல்லை என்று எழுதிவிட்டுக் கழற்றச் சொன்னார். கார்டு இருட்டுகிற வரை தாங்காது என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஜெசிந்தா புல்லாவெளிக் குடியிருப்பை ஞாபகப்படுத்தினாள். அங்கே ஒருவர் எல்லோரும் உட்கார்ந்துவிட்டதாகப் பொய் எழுதிக் கழற்றினார். அதிலிருந்து அந்த ஊரில் யார் சொன்னாலும் யாரும் உட்காருவதில்லை. போன ஆவணியில் கார்டு தானாகச் செத்து ஒன்பது பேர் விழுந்தார்கள். தனபாலன், சரி, உன் இஷ்டம் என்றார்.

வெளியே நடைச் சத்தம் கேட்டது. இடது கால் தரையை நீளமாக உரசி வந்தது. வலது கால் குத்துவதுபோல விழுந்தது. சர்ரென்று ஒன்று, டக்கென்று ஒன்று. ஆள் வாசலில் தெரிந்தபோது ஜெசிந்தாவுக்கு ஏதோ பொருந்தாதது போல் இருந்தது. மாசானம் குள்ளமான, ஒடிசலான மனிதர். நடை பெரிய ஆளுடையதாக இருந்தது.

அவர் வாசலிலேயே நின்று அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார். “என்ன மேடம், ஆட்டைக் கட்டின மாதிரி கட்டிப்போட்டிருக்காவ?”

“உடம்புல இருக்குத மின்சாரம் பெட்டிக்குள்ள இறங்கிரக் கூடாதுல்லா. நமக்குத் தெரியாமலே ஒரு பொறி போதும், கார்டு செத்துரும். தொடுததுக்கு முன்னாடி கட்டிக்கிடணும்.”

“நல்லதுதான். ஆளு கெட்டவளா இருந்தாலும் ஓடிர முடியாது.” சிரித்துவிட்டு, அவள் நகர்த்திய நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டார். வலது முழங்கால் வேட்டிக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். அவருடைய நடை அவருடைய உடலுக்குப் பொருந்தவில்லை என்றும், கார்டு மாற்றும்போது அவருக்குப் பொது நடை வழங்கப்படும் என்றும் நிறுவனம் இரண்டு நாளைக்கு முன்னால் எழுதியிருந்தது. ஜெசிந்தா விளக்கினாள். பழைய கார்டுகள் எந்த நடையை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். இந்தப் புது வகைக் கார்டு ஆளின் எடையையும் கால் நீளத்தையும் அளந்து பார்க்கும். பொருந்தாத நடை மூட்டைத் தேய்த்துவிடும் என்பதால் ஏற்றுக்கொள்ளாது. ஏதாவது கோளாறாக இருக்கும், நாலு வருடமாக அவர் நடக்கிற நடை அவருக்கு எப்படிப் பொருந்தாமல் போகும் என்றாள்.

“கோளாறு இல்ல. அது என் நடை இல்ல,” என்றார் மாசானம். “கொம்பையாவோடது.”

கொம்பையாவை அவளுக்கு நினைவிருந்தது. பழைய பட்டியலில் பதினோராம் துளை. மூன்றரை வருடங்களுக்கு முன்னால் மாரடைப்பில் இறந்தவர். பதினோராம் துளை இன்னும் ரப்பர் மூடியோடு காலியாக இருந்தது.

மாசானம் சொல்லச் சொல்ல, அந்த நாள் அவளுக்கு ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. போன தடவை கார்டு மாற்றியதும் அவள்தான். பின்பக்கம் திறந்தபோது கேபிள்களில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் எல்லாம் உப்பு ஈரத்தில் கரைந்து, கூழாகக் கீழே கிடந்தன. எந்தக் கேபிள் யாருடையது என்று தெரியவில்லை. துளைகளிலும் பெயர் கிடையாது. ஒவ்வொரு கேபிளாகச் செருகி, யாருக்குக் கால் வந்தது என்று தொலைபேசியில் கேட்டாள். ‘உங்க நடைதானா, நாலு எட்டு நடந்து பாத்துச் சொல்லுங்க’ என்றும் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கொம்பையாவும் மாசானமும் ஒரே கட்டிலில், ஒரே கைபேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பேசியது கொம்பையா.

“எனக்குத்தான் கால் வந்துச்சு. நடந்து பாக்கணும்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள அவன், அதெல்லாம் அவன் நடைதான் மேடம், சரியா இருக்கு, அடுத்ததப் பாருங்கன்னுட்டான். அவனுக்கு நாக்கு வறண்டு போச்சு, கடைக்குப் போகணும். எனக்கும் சேத்து அவனே சொல்லிட்டான்.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

“தெரு பூரா உக்காந்திருக்கு. இனியும் ஒருக்க உக்காருங்கன்னா அடிக்க வருவான். பெறகு பாத்தா எங்களுக்கே சிரிப்பு. நான் அவன மாதிரி விறைச்சுக்கிட்டுப் போறேன், அவன் என்ன மாதிரிப் பூனை நடை நடக்கான். கோயில் கொடை வரைக்கும் இப்படியே இருப்போம்ல, எவன் கண்டுபிடிக்கான்னு பாப்போம்னான். கொடைக்கு முன்னாடி செத்துட்டான்.”

இறந்தவரின் நடையை முப்பதாம் நாள் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழித்ததும் ஜெசிந்தாதான். பதினோராம் துளை, கொம்பையா, ஆம், நிச்சயமாக. அவள் அழித்தது மாசானத்தின் நடையை. இப்போது அது எங்கும் இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். மாசானம் கையை அசைத்தார்.

“அத விடுங்க. என் நடை போனதுக்கு நான் வரல. என் நடையில என்ன இருக்கு? இவன் நடை போயிரக் கூடாது. அவன் வீட்டுக்காரி பேச்சித்தாய் மயினி தனியா இருக்கு. அவன் போனதுலருந்து, சாயங்காலம் அளத்துலருந்து வரும்போது அவுங்க வீட்டு முன்னாடி சுத்திதான் வாரேன். சரியா அஞ்சு மணிக்கு. சத்தம் தெருமுனைல கேட்டதும் அடுப்பப் பத்த வச்சிருது. நான் வாசலத் தாண்டும்போது டீ கொதிக்குத வாசம் வரும். மூணரை வருசமா ஒரு நாள் தப்பல. அந்தச் சத்தத்துலதான் அந்தப் பொம்பள எந்திரிச்சு நடமாடுது.”

“கேட்டீங்களா அவங்ககிட்ட?”

“இத எப்படி மேடம் கேக்க?” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், நடை தன் உடம்புக்குப் பழகி மாறிவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியையும் அவன் வைத்த மாதிரியே பார்த்துப் பார்த்து வைப்பதாகச் சொன்னார். அவரைவிட ஒரு சாண் உயரமான ஆளின் நடை. வலது முழங்கால் இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வழி இல்லையா என்று கேட்டார். ஒரு வழி இருந்தது. புதுக் கார்டு ஒரு நடையைத் தள்ளினால் திரையில் இரண்டு வரி வரும். ஒன்று பொது நடை. இன்னொன்று பழைய நடையே, மாற்றுகிறவர் பொறுப்பில். இரண்டாவதைத் தொட்டால் அந்த ஆளுக்கு என்ன ஆனாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“தொட்டுருங்க,” என்றார் மாசானம். “போன தடவ தெரியாம ஒரு தப்பு செஞ்சீங்க. இந்தத் தடவ தெரிஞ்சு செய்யுங்க. அவ்வளவுதானே.”

மஞ்சள் விளக்கு ஒரு முறை அணைந்து மீண்டும் எரிந்தது. வெளியே தெரு சத்தமில்லாமல் இருந்தது. அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற அமைதி அது. ஜெசிந்தாவுக்கு மிகவும் களைப்பாக இருந்தது. சரி என்று சொன்னால் இவர் போய் உட்காருவார்.

“சரி அண்ணாச்சி. அந்த நடையே போட்டுருதேன்.”

“வாக்கு?”

“வாக்கு.”

அவர் போனார். சர்ரென்று ஒன்று, டக்கென்று ஒன்று, மணலில் மங்கி, பிறகு கேட்கவில்லை. ஜெசிந்தா ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் சட்டத்தின் ஓரத்தில் பூத்திருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவில் நிழல் விழுந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, கையில் தூக்குச் சட்டியும் தம்ளருமாக நின்றாள். உப்பு வெயில் பார்த்துப் பார்த்து இடுங்கிய கண்கள். பெட்டி திறக்கிறவருக்கு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து டீ வரும். ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வருவதில்லை.

“கொழுந்தனாரு போறதுக்காகத்தான் செவுத்துக்கு அந்தாண்ட நின்னேன்,” என்றாள். “நான் கொம்பையா வீட்டு ஆளு. பேச்சித்தாய்.”

ஜெசிந்தா எழுந்தாள். கம்பி அவளைப் பின்னுக்கு இழுத்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

“அவரு என்ன கேட்டாருன்னு தெரியும். அந்த நடைய எடுத்துருவாவன்னு ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுதாரு. நான் கேக்க வந்தது, எடுத்துருங்க யம்மா.”

டீயை ஊற்றி நீட்டினாள். ஜெசிந்தா வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

“அந்தச் சத்தம் கேட்டதும் நீங்க அடுப்பைப் பத்த வைக்கீங்கன்னு சொன்னாரு.”

“ஆமா, பத்த வைப்பேன். அதுக்கு முன்னாடி செம்பு, தம்ளர், இரும்புக் கரண்டி எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிருவேன். கையில கெடைக்கக் கூடாதுல்லா.” பேச்சித்தாய் சேலை முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். “தெருமுனையில சர்ருன்னு கேட்டா வாசலுக்கு வரதுக்குள்ள டீ கொதிக்கணும். இல்லன்னா அன்னைக்கு ராத்திரி நான் இல்ல. இருவத்தஞ்சு வருசப் பழக்கம். மனுசன் செத்து மூணரை வருசம் ஆவுது. கை கேக்க மாட்டேங்குது யம்மா. தானா எந்திரிச்சுத் தீப்பெட்டிய எடுக்குது.”

ஜெசிந்தா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நடுவுல ஒரு ஆறு மாசம் அவிய கொழுந்தனாரு நடையில வந்தாவ பாருங்க. மெத்து மெத்துன்னு இருக்கும், வாரதே தெரியாது. நடை மாறினா ஆளு மாறிருவாவளா, மாறல. அடி விழும்போதுதான் அவியன்னு தெரியும்.” அவள் லேசாகச் சிரித்தாள். “ஆனா அதுக்கு முன்னாடி தெருமுனையில காதை வச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். வாசல்ல நின்னு உலை வைப்பேன், பக்கத்து வீட்டுல பேசுவேன். அந்த ஆறு மாசந்தான் நான் சாயங்காலத்தையே பாத்தது. அந்த நடையும் போயிருச்சுன்னு இப்ப கொழுந்தனாரு சொன்னாரு. செவுத்துக்கு அந்தாண்ட கேட்டுச்சு.”

இதை மாசானத்திடம் சொல்லலாமே என்று ஜெசிந்தா கேட்டாள்.

“அவருக்கு இருந்தது ஒரு சேக்காளி. அவன் எப்படிப்பட்டவன்னு நான் சொல்லணுமா? எனக்காகன்னு நெனச்சுக்கிட்டு முட்டு வீங்கி நடக்காரு அந்த மனுசன். இத்தன நாளு வலிச்சதெல்லாம் எதுக்குன்னு ஆயிருமே.” தூக்குச் சட்டியை மூடினாள். “மெசினு ஏத்துக்கிடலன்னு சொல்லிருங்க. நான் வந்தேன்னு சொல்லாதீங்க. மெசினு மேல யாருக்கும் கோவம் வராது.”

“அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன் அக்கா.”

பேச்சித்தாய் அவளையும், அவளைக் கட்டியிருந்த கம்பியையும் பார்த்தாள். “எனக்கு யாரு கேட்டு வாக்குக் குடுத்தா?” என்றாள். குரலில் கோபமில்லை. “நான் போயி அவரு பக்கத்துல உக்காருதேன். எங்க வாசல்ல தனியா உக்காந்திருப்பாரு.”

ஜெசிந்தா டீயைக் குடித்தாள். ஆறியிருந்தது. கைபேசியை எடுத்து மாசானத்தை அழைத்தாள். “உக்காந்தாச்சு,” என்றார் அவர், சொந்த வாயால். இருபத்து மூன்றாவது டிக்கை அடித்தாள். இப்போது நேரம் நான்கு நாற்பது.

பிறகு கைகள் பழகியபடி வேலையைச் செய்தன. மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். எல்லா நடைகளையும் கையடக்கப் பெட்டியில் நகலெடுத்தாள். பெயர் பொறித்த உலோகத் தகடுகளைக் கேபிள்களில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். போன தடவைக்குப் பிறகு காகிதத்தை அவள் நம்புவதில்லை. திரையில் கட்டளை கொடுத்து, மஞ்சள் விளக்கு முழுதாக அணையும் வரை காத்திருந்தாள். அணைந்த கணத்தில் இருபத்து மூன்று பேரின் கால்கள் அவர்களை விட்டுப் போயின. கேபிள்களை வரிசை மாறாமல் கழற்றிச் சீப்புப் போன்ற சட்டத்தில் மாட்டி, இரண்டு திருகுகளையும் தளர்த்தி, இரண்டு நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் விரித்து, கார்டை நேராக இழுத்தாள். அதன் தங்கப் பற்களில் பாசிபோல் பச்சை படர்ந்திருந்தது. புதியதை வெள்ளி உறையிலிருந்து ஓரங்களைப் பிடித்து எடுத்து, பற்களில் விரல் படாமல் தடத்தில் வைத்துத் தள்ளினாள். கோணினால் உள்ளே ஊசிகள் வளைந்துவிடும். கோணவில்லை. நெம்புகோல்கள் க்ளிக்கென்று மூடின. திருகுகளை இறுக்கி, கேபிள்களைத் தகடு பார்த்துச் செருகினாள். விளக்கு மஞ்சளாக வந்து, யோசித்து, பச்சையானது.

எண்பத்தாறு விநாடி. நடைகளை ஊற்றினாள். திரையில் வரிசையாகப் பச்சைகள் எழுந்தன. மாசானத்தின் பன்னிரண்டில் நின்றது. எடை பொருந்தவில்லை, கால் நீளம் பொருந்தவில்லை என்று எழுதி, கீழே இரண்டு வரிகளைக் காட்டியது.

அவள் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களை அழைத்தாள். எந்திரிங்க. எந்திரிச்சாச்சு, நம்ம நடைதான். எந்திரிங்க. எந்திரிச்சாச்சு மேடம், நல்லாருப்பீங்க. இருபத்திரண்டு பேர். தெருவில் கடைக் கதவு திறந்தது. யாரோ யாரையோ பெயர் சொல்லித் திட்டினார்கள். எத்தனையோ வகைக் கால்கள் மணலிலும் சிமென்டிலும் போகும் சத்தம் ஜன்னல் வழியே வந்தது. ஒன்று போல ஒன்று இல்லை. வேறு நாளில் இந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பாள். இந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

திரையில் இரண்டு வரிகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவதைத் தொட்டால் வாக்கு நிற்கும். ஊர் நாளைக்கும் அவள் சொல்லுக்கு உட்காரும். முதலாவதைத் தொட்டால் ஒரு முழங்கால் பிழைக்கும், ஒருத்தியின் கை தீப்பெட்டியைத் தேடாது. ஒருவேளை தேடும். சத்தமே இல்லாமல் ஐந்து மணி வந்தாலும் தேடும். அதை எந்தக் கார்டும் அளந்து சொல்லாது.

சுவர்க் கடிகாரம் ஐந்துக்கு மூன்று நிமிடம் காட்டியது. அவள் மணிக்கட்டில் பட்டை இன்னும் கட்டியிருந்தது. பன்னிரண்டாம் எண்ணை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“மேடம், தெருவே எந்திரிச்சுப் போயாச்சு. நானும் மயினியும்தான் அவுங்க வாசல்ல உக்காந்திருக்கோம்.” மாசானத்தின் குரலில் ஒரு சிறுவனின் அவசரம் இருந்தது. “தெருமுனை வரைக்கும் போயி ஒருக்க நடந்து வந்து காட்டுதேன்னு சொல்லியிருக்கேன். பழையபடியே இருக்கா இல்லையான்னு மயினிதான் சொல்லணும்.”

அவருக்குப் பின்னால், மிக அருகில், யாரோ ஒரு செம்பை எடுத்து உள்ளே தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன மேடம், பேச்சையே காணும்? எந்திரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”